ஆறாயிரத்து இருநூற்று நாற்பது

திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனி. ஐந்து சர்குலர் மிஷின், சுவரோரம் அடுக்கிய நூல் பெட்டிகள், வாசலில் துணி ரோல் ஏற்றக் காத்திருக்கும் டாட்டா ஏஸ். உள்ளே நுழையும் இடத்தில் மின்வாரியத்தின் மீட்டர் பெட்டி. இந்த மாத ரீடிங்கிலிருந்து போன மாத ரீடிங்கைக் கழித்தால் 6,240 யூனிட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணை நான்தான் இட்டுக்கொண்டேன். கம்பெனியும் அந்த ஊரில் எந்தச் சந்தில் வேண்டுமானாலும் இருக்கக்கூடிய ஒன்று. ஆனால் 6,240 இங்கிருந்து கிளம்பி, ஐரோப்பியத் துணிக்கடைச் சங்கிலி ஒன்றின் நிலைத்தன்மை அறிக்கைக்குள் போய்ச் சேரும் வழி நிஜமானது. வருடாவருடம் ஆயிரக்கணக்கான கரண்ட் பில்கள் அந்த வழியாகப் போகின்றன.

பிறந்த வீட்டில் இந்த எண்ணுக்குப் பெரிய மரியாதை கிடையாது. முதலாளி பில்லில் பார்ப்பது ரூபாயை. 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியதிலிருந்து நிலைக்கட்டணம் எவ்வளவு, பீக் ஹவருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் சிறுதொழில்காரர்களுக்கு வந்திருக்கிறது; அவற்றைக் குறைக்கச் சொல்லி மிஷினை நிறுத்திப் போராடியும் இருக்கிறார்கள். யூனிட் என்பது அந்த ரூபாய்க்கு மேலே இருக்கும் ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் உட்கார்ந்து கேட்டால் 6,240-இன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நூல் வராமல் மூன்றாம் நம்பர் மிஷின் நாலு நாள் நின்றது. ஊசி உடைந்து துணியில் கோடு விழுந்ததால் ஒரு லாட்டை மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. கம்ப்ரஸர் குழாயில் காற்று கசிந்து, அது ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருந்தது. இதில் ஒன்றும் பில்லில் வராது. பில்லில் வராதது அறிக்கையிலும் வராது.

எண் வீட்டைவிட்டுக் கிளம்புவது ஒரு வாட்ஸ்அப் செய்தியால். நூல் கொடுத்துத் துணி வாங்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் பார்க்கும் பையன், போன வருடத்துப் பில்கள் பன்னிரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறான். அதன் பிறகு நடக்கும் பேச்சு, ஊரில் பல இடங்களில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

“ஏனுங் தம்பி, எங்க கரண்டு பில்லு உங்களுக்கு எதுக்குங்? நீங்க கட்டப் போறீங்களா?”

“பையர் கேக்கறாங்கண்ணா. கார்பன் கணக்குக்கு.”

“நாங்க கரியொண்ணும் எரிக்கறதில்லையே.”

“கரண்டு எங்கியோ கரி எரிச்சுத்தானேண்ணா வருது.”

அண்ணனுக்கு அதில் மறுப்பு இல்லை. அவருடைய சந்தேகம் வேறு. கரண்ட் பில்லைப் பார்த்தால் எத்தனை மிஷின் ஓடியது என்று தெரிந்துவிடும். எத்தனை மிஷின் ஓடியது என்று தெரிந்தால் ஒரு கிலோவுக்கு என்ன அடக்கம் என்று கணக்குப் போட்டுவிடலாம். அடக்கம் தெரிந்தவன் அடுத்த முறை கூலியைக் குறைத்துக் கேட்பான். இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. சூழலுக்காகக் கேட்கப்படும் ஒரு எண், கேட்கிறவன் கையில் விலை பேசும் ஆயுதமாகவும் ஆகலாம். நிலைத்தன்மை அறிக்கை பற்றி எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. கடைசியில் பில்கள் போகும், ஏனென்றால் ஆர்டர் வேண்டும்.

கேள்வியின் பூர்வீகம் வெகுதூரம். 1989 மார்ச்சில் அலாஸ்கா கடலோரம் எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதிக் கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டியது. அந்த ஆண்டிலேயே அமெரிக்க முதலீட்டாளர்களும் சூழல் அமைப்புகளும் சேர்ந்து செரிஸ் என்ற கூட்டணியை அமைத்தார்கள். லாபநஷ்டம் சொல்வதுபோலவே காற்றுக்கும் தண்ணீருக்கும் என்ன செய்தோம் என்றும் கம்பெனிகள் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதன் தொடர்ச்சியாக 1997-இல் பாஸ்டனில் நிலைத்தன்மை அறிக்கைக்கு வழிகாட்டும் ஜி.ஆர்.ஐ. அமைப்பு பிறந்தது; 2000-இல் அதன் முதல் வழிகாட்டி வெளியானது. 2001-இல் கார்பன் கணக்குக்கென்றே ஜி.எச்.ஜி. புரோட்டோகால் என்ற விதிப்புத்தகம் வந்தது. நம் 6,240-இன் தலையெழுத்தை எழுதியது இந்த இரண்டாவது புத்தகம்.

அது புகையை மூன்று ஸ்கோப்பாகப் பிரித்தது. உன் இடத்திலேயே நீ எரிப்பது முதலாவது. பாய்லரும் ஜெனரேட்டரும் அதில் வரும். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது இந்த நிட்டிங் கம்பெனிக்கும் முதல் ஸ்கோப் கனமாக இருந்திருக்கும். டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கரியமிலவாயு. காசு கொடுத்து வாங்கும் மின்சாரம் இரண்டாவது. மற்றவர்கள் உனக்காக எரிப்பது எல்லாம் மூன்றாவது. மூன்றாவதற்கென்று தனி விதிமுறை 2011-இல்தான் வந்தது, பதினைந்து பிரிவுகளோடு. முதல் பிரிவு, வாங்கிய சரக்கும் சேவையும். ஒரு பனியன் வாங்கி விற்கும் ஐரோப்பிய நிறுவனத்துக்கு அதன் சொந்தக் கடை விளக்குகள் எல்லாம் சேர்ந்தாலும் சிறுதுளி. பெரும்பங்கு இந்த முதல் பிரிவில்தான், அதாவது திருப்பூரிலும் டாக்காவிலும் உள்ள மற்றவர்களின் மீட்டர்களில்தான் இருக்கிறது. அந்தப் புத்தகம் வந்த பிறகுதான் சந்துக்குள் இருக்கும் மீட்டரை வெளிநாட்டிலிருந்து தேடத் தொடங்கினார்கள்.

இதனால் விசித்திரமான ஒன்று நடக்கிறது. இதே 6,240, கரி எரித்த அனல்மின் நிலையத்துக்கு முதல் ஸ்கோப், நிட்டிங் கம்பெனிக்கு இரண்டாவது, எக்ஸ்போர்ட்டருக்கும் பையருக்கும் மூன்றாவது. ஒரே புகை நாலு கணக்கில் ஏறுகிறது. கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது திகைப்பாக இருக்கும். ஆனால் விதியை வகுத்தவர்கள் தெரிந்தேதான் இப்படி வைத்தார்கள். எல்லாரையும் கூட்டி உலகத்தின் மொத்தம் காண்பது அவர்கள் நோக்கம் இல்லை, சங்கிலியில் இருக்கும் ஒவ்வொருவரையும் அந்தப் புகைக்குப் பதில் சொல்ல வைப்பது நோக்கம். எனக்கு அந்த ஏற்பாட்டில் குறை இல்லை. பதில் சொல்லும் பொறுப்பு நாலு பேருக்கு என்றால் செலவும் நாலாகப் பிரிந்ததா என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

எக்ஸ்போர்ட் கம்பெனியின் எக்செல் ஷீட்டில் 6,240 உடை மாற்றுகிறது. ஒரு பையர் கிலோவாட் மணியில் கேட்பார். இன்னொருவர் மெகாஜூலில் கேட்பார். அங்கே அது 22,464 ஆகிவிடும். இந்தியப் பங்குச் சந்தையில் பட்டியலான வாடிக்கையாளர் என்றால் செபியின் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற நிலைத்தன்மை அறிக்கைப் படிவத்துக்காக ஜூல் கணக்கு வேண்டும், அங்கே 22.46 கிகாஜூல். ஒருவருக்கு ஜனவரி முதல் டிசம்பர், இன்னொருவருக்கு ஏப்ரல் முதல் மார்ச். மின்வாரியம் ரீடிங் எடுப்பதோ மாதத்தின் நடுவில் ஏதோ ஒரு தேதியில். ஆக, டிசம்பர் மாதத்து மின்சாரம் என்று எழுதப்படுவதில் கொஞ்சம் நவம்பரோ ஜனவரியோ கலந்திருக்கும். ஷீட்டை நிரப்பும் பையனுக்கு இது நன்றாகத் தெரியும். கட்டத்தில் குறிப்பு எழுத இடம் இல்லாததால் அது அவனோடு நின்றுவிடுகிறது.

பிறகு யூனிட் புகையாக மாற வேண்டும். அதற்கான பெருக்கல் எண் டெல்லியில் மத்திய மின்சார ஆணையம் வருடந்தோறும் வெளியிடும் தரவுத்தளத்தில் இருக்கிறது. 2023-24-க்கு அது யூனிட்டுக்கு 0.727 கிலோ. 6,240-ஐ அதனால் பெருக்கினால் சுமார் 4,536 கிலோ, நாலரை டன். இந்த 0.727-க்கும் ஒரு கதை உண்டு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் பெருவழி இணைக்கப்படும் வரை தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒத்திசைந்து ஓடவில்லை. ஆணையமும் தெற்குக்கு என்று தனி எண் போட்டது. இணைந்த பிறகு நாடு முழுவதற்கும் ஒரே எண். எனவே திருப்பூரின் மீட்டரில் இன்று சத்தீஸ்கர் நிலக்கரியும் சேர்ந்துதான் கணக்காகிறது. ஆடிக் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இந்தக் கணக்குக்கு அது தெரியாது. காற்றாலையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அது தனிக் கச்சேரி.

நாலரை டன்னும் இந்த எக்ஸ்போர்ட்டருடையது கிடையாது. அந்த மாதம் நிட்டிங் கம்பெனி மொத்தம் 20,000 கிலோ துணி ஓட்டியது, அதில் 3,000 கிலோ இவருடைய ஆர்டர் என்றால் பங்கு 15 சதவீதம். 936 யூனிட், 680 கிலோ புகை. ஒரு டி-ஷர்ட்டுக்கு 200 கிராம் துணி என்றால், பின்னலுக்கு மட்டும் ஒன்றின் தலையில் 45 கிராம். கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஆனால் எடையை வைத்துப் பங்கு பிரித்ததும் ஒன்று நடந்துவிட்டது. மெல்லிய நூலில் மெதுவாக ஓடிய துணியும், தடித்த நூலில் வேகமாக ஓடிய துணியும் கிலோவுக்குக் கிலோ சமம் ஆகிவிட்டன. மறுபடி ஓட்டிய அந்த லாட்டின் கரண்ட், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஏழெட்டு ஆர்டர்களின் மேல் பரவிவிட்டது. இதற்கு மேல் நுணுக்கமாகப் பிரிக்க மிஷினுக்கு மிஷின் சப்-மீட்டர் வேண்டும். அதை வாங்கி மாட்டும் செலவு யாருடையது என்று எந்தப் படிவத்திலும் எழுதியிருக்காது.

துணி இங்கிருந்து சாயப்பட்டறைக்குப் போகிறது. எண்ணும் போகிறது. அங்கே அது சந்திப்பது, அளக்கப் பழகிய எண்களை.

திருப்பூருக்குச் சூழல் கணக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் நொய்யல் ஆற்றைப் பார்க்க வேண்டும். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் குளமாக மாறியது. அணைநீர் பாய வேண்டிய நிலத்துக்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். துளிக் கழிவுநீரும் வெளியே விடாத நிலைக்கு வரும்படி உத்தரவாகி, வருடங்கள் கடந்தும் அது நடக்காததால், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. திருப்பூர் வெலவெலத்துப்போன வருடம் அது. மறுபடி திறந்தவர்கள் மீட்டரோடு திறந்தார்கள்: உள்ளே வரும் தண்ணீருக்கு, போகும் கழிவுக்கு, மீட்ட தண்ணீருக்கு, மீட்ட உப்புக்கு. எந்தப் பையரும் கேட்பதற்கு முன்னால், நீதிமன்றம் கேட்டதால் வந்த கணக்கு அது. கிழக்கே நிலம் கெட்ட உழவர்கள் கேட்டதால் வந்த கணக்கு என்று சொன்னால் இன்னும் சரி.

இந்தக் கணக்கில் ஒரு முடிச்சு இருக்கிறது. கழிவுநீரை ஆர்.ஓ. வழியாகத் தள்ளித் தண்ணீரை மீட்கிறார்கள். மீதமாகும் அடர்ந்த உப்புக் கரைசலை ஆவியாக்கிகளில் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுக்கிறார்கள். தள்ளுவதற்கு மின்சாரம், காய்ச்சுவதற்கு நீராவி, நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு விறகு. ஆற்றில் ஒரு சொட்டும் விடக்கூடாது என்றால் அதற்கு விலை எரிபொருள். எனவே பையரின் படிவத்தில் தண்ணீர்க் கட்டத்தில் திருப்பூர்த் துணி மிக நல்ல மதிப்பெண் வாங்கும். அதே துணி எரிசக்திக் கட்டத்தில், கழிவை அப்படியே ஆற்றில் விடும் ஏதோ ஒரு ஊரின் துணியைவிட மோசமாகத் தெரியும். இரண்டு கட்டங்களும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும். ஒன்றுக்கு இன்னொன்றுதான் காரணம் என்று படிவம் சொல்லாது. கார்பனை மட்டும் பார்த்து ஆர்டர் கொடுக்கிறவர், தெரியாமலே ஒரு ஆற்றைக் கெடுப்பவருக்கு ஆர்டர் கொடுக்கக்கூடும். சுற்றுச்சூழலை ஒற்றை எண்ணில் அடைக்கப் பார்ப்பதில் எனக்குள்ள பெரிய சங்கடம் இதுதான்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் மின்சாரம் உறுப்பினர் பட்டறைகளுக்குள் பங்காகி, பட்டறையின் பங்கு ஆர்டர்களுக்குள் பங்காகி, நிட்டிங்கின் 680 கிலோவோடு கூட்டப்படுகிறது. காம்பாக்டிங், பிரிண்டிங், ஜாப் ஒர்க்கில் தைக்கும் பவர் டேபிள் காரர்கள் என்று ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு எண் வந்து சேர்கிறது. பவர் டேபிள் காரர்களில் பலர் வாடகைக் கட்டடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் மீட்டர் கட்டட உரிமையாளர் பேரில் இருக்கும், ஒரே மீட்டரில் இரண்டு பேர் தொழில் செய்வார்கள். அங்கே எண் கிடைக்காது. யாரோ ஒரு மதிப்பீட்டைப் போடுகிறார்கள். ஷீட்டில் மீட்டர் பார்த்து எழுதியதும், மனதில் தோன்றியதை எழுதியதும் ஒரே எழுத்துருவில்தான் இருக்கும்.

அடுத்த நிறுத்தம் ஹிக் இன்டெக்ஸ். வால்மார்ட்டும் படகோனியாவும் முன்னின்று உருவாக்கிய ஆடைத் துறைக் கூட்டணி ஆலைகளின் சூழல் கணக்கைப் பார்க்க வைத்திருக்கும் கருவி அது; கூட்டணி 2024-இலிருந்து காஸ்கேல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு பையருக்கும் தனித்தனிப் படிவம் நிரப்பும் கொடுமையைக் குறைக்கத்தான் இது வந்தது. ஓரளவு குறைத்தும் இருக்கிறது. ஆனால் ஆலை ஆண்டுதோறும் பணம் கட்டி நிரப்ப வேண்டும். சரிபார்க்க வருபவருக்கான கட்டணமும் பெரும்பாலும் ஆலையின் தலையில். வருபவர் எக்ஸ்போர்ட்டரின் ஆலையைச் சுற்றிப் பார்ப்பார், பில்களைப் புரட்டுவார். நிட்டிங் கம்பெனிவரை வருவது அபூர்வம். 6,240-ஐப் பெற்றவரை எண்ணின் பயணத்தில் யாரும் நேரில் பார்ப்பதில்லை.

கடல் கடந்த பிறகு பயணம் வேகமாகிவிடுகிறது. துணி நிறுவனத்தின் தலைமையகத்தில் உலகெங்கும் உள்ள ஆலைகளின் எண்கள் ஒன்றாகக் கொட்டப்படுகின்றன. ஸ்டாக்ஹோமின் எச் அண்ட் எம் போன்றவை 2013-லிருந்தே தங்களுக்குச் சரக்குச் செய்யும் ஆலைகளின் பட்டியலை வெளியிடுகின்றன. கூலிக்குப் பின்னிக் கொடுக்கும் சந்துக் கம்பெனி அப்படிப்பட்ட பட்டியல்களுக்குள் வருவது கடினம். பெரிய நிறுவனங்களின் அறிக்கை ஆயிரம் டன்களில் பேசும். நம் 680 கிலோ வட்டமாக்கலில் கரைந்துவிடும். கீழே தணிக்கையாளர் கையெழுத்து. அவர் தருவது பெரும்பாலும் வரையறுக்கப்பட்ட உறுதிதான்; அதாவது, தவறு என்று சொல்லும்படி எதுவும் தம் கண்ணில் படவில்லை என்கிறார். சரி என்று சொல்வதற்கும் இதற்கும் இடைவெளி இருக்கிறது. ஆனால் பளபளக்கும் தாளில் அச்சான பிறகு அந்த இடைவெளி வாசிப்பவருக்குத் தெரியாது. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆயிரம் ‘ஆனால்’களோடு இருந்த எண், பயணத்தில் அவற்றை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு, சந்தேகமே இல்லாத எண்ணாக மாறியிருக்கிறது.

இவ்வளவு தூரம் எண்ணை வரவழைத்த சட்டங்கள் இப்போது பின்வாங்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலைத்தன்மை அறிக்கைச் சட்டமான சி.எஸ்.ஆர்.டி. 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தபோது சுமார் 50,000 நிறுவனங்கள் அறிக்கை தர வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையமே எளிமைப்படுத்தும் திட்டத்தை நீட்டியது; அந்த டிசம்பரில் எட்டிய உடன்பாட்டில், ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்து, 45 கோடி யூரோவுக்கு மேல் வரவும் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. கீழே உள்ள சிறியவர்களிடம் அளவுக்கு மீறிக் கேட்கக்கூடாது என்ற வரம்பும் கூடவே வந்தது. எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு அளவுகோல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அறிக்கை விதிமுறைகளை எழுதித் தரும் எஃப்ராக் அமைப்பு 2024 டிசம்பரில் வெளியிட்ட வி.எஸ்.எம்.இ. என்ற விருப்ப விதிமுறை போன்ற ஒன்று. அதன் அடிப்படைப் பகுதியில் பதினோரே விஷயங்கள்: எரிசக்தி, மாசு, தண்ணீர், கழிவு, ஆட்கள், அவர்களின் பாதுகாப்பு, சம்பளம் என்று. மூன்றாவது ஸ்கோப் அந்தப் பகுதியில் கேட்கப்படுவதில்லை. படித்துப் பார்த்தால் ஒரு கணக்குப்பிள்ளை சில நாட்களில் நிரப்பிவிடக்கூடியது என்றுதான் தோன்றுகிறது. சிறு கம்பெனிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவற்றில் நான் பார்த்த உருப்படியான ஆவணம் இது.

இந்தியாவிலும் அதே திசைதான். செபி 2021-இல் பி.ஆர்.எஸ்.ஆர். கொண்டுவந்தது, 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்களுக்குக் கட்டாயம். 2023-இல் சங்கிலியில் உள்ளவர்களின் கணக்கையும் சேர்க்கச் சொன்னார்கள். பிறகு தள்ளிவைத்து, விருப்பம் என்றாக்கி, கொள்முதலிலோ விற்பனையிலோ தனியாக இரண்டு சதவீதமாவது வகிப்பவர் மட்டுமே கணக்கில் வந்தால் போதும் என்றார்கள். பெரிய நிறுவனத்தின் கொள்முதலில் இரண்டு சதவீதம் என்பது நம் நிட்டிங் கம்பெனி கனவிலும் தொடாத உயரம்.

அப்படியானால் அண்ணனுக்கு விடுதலை, பில் அனுப்ப வேண்டாம், நல்லதுதானே? தொழில் அமைப்புகள் பலவும் அப்படித்தான் வரவேற்கின்றன. நான் அவ்வளவு சீக்கிரம் கைதட்ட மாட்டேன். ஏனென்றால் பையர் அறிக்கையில் அந்தக் கட்டம் காலியாக விடப்படுவதில்லை. உண்மையான எண் வராத இடத்தில் வேறு ஒன்று வந்து உட்காரும். ஜி.எச்.ஜி. புரோட்டோகாலே அதற்கு வழி வைத்திருக்கிறது: தரவுத்தளத்திலிருந்து ஒரு சராசரியை எடுத்துக் கிலோவால் பெருக்கலாம், அதுவும் முடியாவிட்டால் கொடுத்த பணத்தை ஒரு காரணியால் பெருக்கலாம். இத்தனை யூரோவுக்குத் துணிவேலை வாங்கினேன், ஒரு யூரோ துணிவேலைக்கு இத்தனை கிலோ புகை, ஆகவே இவ்வளவு.

பணத்தை வைத்துப் போடும் இந்தக் கணக்கு திருப்பூரில் என்ன செய்யும் என்று பாருங்கள். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூலி ஏற்றிக் கேட்டு நிட்டிங் கம்பெனி வாங்கிவிடுகிறது; அதில் ஆட்களுக்கும் கொஞ்சம் சம்பளம் கூடுகிறது. மீட்டரில் ஒரு யூனிட்கூட ஏறவில்லை. ஆனால் பையர் செலவு கூடியது, ஆகவே அறிக்கையில் புகை கூடியது. மறுபக்கம் ஒருவர் அடிமாட்டு விலைக்கு ஓட்டிக் கொடுக்கிறார். அவருடைய பழைய மிஷின் கரண்டைக் குடிக்கிறது. அறிக்கையில் அவர் பசுமையானவர். கம்ப்ரஸர் கசிவை அடைத்து, பழைய மோட்டாரை மாற்றி, 6,240-ஐ 5,400-க்குக் கொண்டுவந்தவருக்கு இந்தக் கணக்கில் ஒரு பைசா மதிப்பில்லை. மீட்டரைப் பார்த்து எழுதும் எண்ணில் ஆயிரம் ஓட்டை இருக்கலாம். ஆனால் அது ஒன்றுதான் அவர் செய்த வேலையைக் கொஞ்சமாவது வெளியே சொல்கிறது. சிறியவர்களை அறிக்கையிலிருந்து விடுவிப்பதாகச் சொல்லும் ஒவ்வொரு திருத்தமும் அவர்களுக்குப் பதிலாக ஒரு சராசரியைப் பேசவிடுகிறது. படிவம் சுருங்கட்டும், நூறு கேள்வி பதினொன்றாகட்டும். மீட்டர் எண் மட்டும் அந்தப் பதினொன்றில் இருக்க வேண்டும். அதை எடுத்து அனுப்பும் வேலைக்குக் கூலியில் ஒரு பங்கும் இருக்க வேண்டும்.

இனி காற்றாலை. திருப்பூர் எக்ஸ்போர்ட்டர்கள் பலரிடம் சொந்தக் காற்றாலை உண்டு. முதல் வருடத்திலேயே பெருந்தேய்மானம் காட்டி வருமான வரியைக் குறைக்கலாம் என்ற சலுகைதான் ஆரம்பத்தில் நிறையப் பேரை இழுத்தது. வரிக்காக வாங்கியது இருபது வருடம் கழித்து ஐரோப்பாவில் நற்சான்றிதழாக விற்கும் என்று வாங்கியவர்களே நினைத்திருக்க மாட்டார்கள். அந்த மின்சாரம் உயரழுத்த இணைப்பு உள்ள ஆலையின் கணக்குக்குக் கழிகிறது. சந்துக்குள் தாழ்வழுத்த இணைப்பில் ஓடும் நிட்டிங் கம்பெனிக்கு அதில் பங்கில்லை. மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டுப் பசுமை மின்சார விதிகள்கூட, சொந்தமாக மின்சாரம் தயாரிக்காதவர்களில் 100 கிலோவாட்டோ அதற்கு மேலோ தேவை உள்ளவருக்குத்தான் கதவைத் திறந்தன.

கணக்கிலும் இரண்டு மொழி இருக்கிறது. 2015-இல் வந்த விதிப்படி மின்சாரத்தை இரண்டு விதமாகக் காட்டலாம்: தொகுப்பின் சராசரியை வைத்து ஒன்று, ஒப்பந்தத்தையும் சான்றிதழையும் வைத்து இன்னொன்று. இரண்டாவதில் காற்றாலைக்காரரின் புகை பூஜ்யத்தை நெருங்கும். முதலாவதில் அதே 0.727 அவரையும் விடாது. நான் மெச்சிய வி.எஸ்.எம்.இ.யின் அடிப்படைப் பகுதி கேட்பது முதலாவதை.

காற்று வருடம் முழுக்க வீசுவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது பாய்ந்து வருவது வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை. அப்போது விளைந்த மின்சாரத்தை மின்வாரியத்தின் கணக்கில் வைத்துவிட்டு, பிறகு தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் பேங்கிங் வசதி பழைய காற்றாலைகளுக்கு ஆண்டுக் கணக்கில் உண்டு. திருப்பூரின் பசுமைப் பெருமையில் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டின் மேல் நிற்கிறது. 2025 அக்டோபரில் ஜி.எச்.ஜி. புரோட்டோகால் ஒரு புதிய யோசனையைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது: ஒப்பந்தத்தை வைத்துக் காட்டும் கணக்கில், மின்சாரம் விளைந்த மணியும் செலவான மணியும் பொருந்த வேண்டும். சிறு நுகர்வோருக்கு விலக்கு தருவது பற்றியும் அதில் பேச்சு இருக்கிறது. பெரிய ஆலைகளுக்கு அது இருக்காது. அப்படி ஒரு விதி வந்தால் மார்கழியில் இரவு ஷிப்ட் ஓட்டிய ஆர்டருக்கு ஆடி மாதத்துக் காற்றைக் காட்ட முடியாது. எக்செல் ஷீட்டில் மாதத்துக்கு ஒரு கட்டம் இருந்த இடத்தில் வருடத்துக்கு 8,760 கட்டங்கள் வரும். முடிவான விதிக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதுவரை ஆண்டுக் கணக்கே செல்லும்.